துண்டுச் சீட்டைக் கிழிக்கப் புறப்பட்ட நீதிபதி: சேர் பொன்னம்பலம் அருணாசலமும் அவர் குடும்பமும்

சாதாரண தரப் பரீட்சைக்கு வரலாறு படித்த எவருக்கும் அருணாசலம் ஒரு மதிப்பெண். இலங்கைத் தேசிய காங்கிரசின் முதலாவது தலைவர் யார் என்று கேட்டிருந்தால் அவருடைய பெயரை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். நானும் அப்படித்தான் போனேன். அந்தப் பெயருக்கும் எங்கள் லயத்துக்கும் ஏதாவது தொடர்பு இருக்கும் என்று எந்த ஆசிரியரும் சொல்லித் தரவில்லை. பாடப் புத்தகத்திலும் அது இல்லை.

எங்கள் தோட்டத்துப் பழைய ஆட்களின் பேச்சில் ஒரு சொல் அடிக்கடி வரும்: வாரண்டு. பிள்ளை அழுதால் வாரண்டு வருகிறது என்று பயமுறுத்துவார்கள். யாராவது வேலைக்குப் போகாமல் சுருண்டு படுத்தால் என்ன, வாரண்டுக்குப் பயந்து ஒளிந்திருக்கிறாயா என்று கேலி செய்வார்கள். என் தாத்தா காலத்திலேயே அந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்த வாரண்டும் இருக்கவில்லை. அவருடைய அப்பா காலத்தில் இருந்தது. வேலையை விட்டுப் போனதற்காக ஒரு மனிதனைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போகலாம், நீதவான் சிறைக்கு அனுப்பலாம் என்ற சட்டம் இந்த நாட்டில் அரை நூற்றாண்டுக்கு மேல் நடைமுறையில் இருந்தது. அதை ஒழிக்கப் பாடுபட்டவர்களில் முன்னால் நின்றவர், இளமையில் அதே நீதிமன்ற இருக்கைகளில் அமர்ந்து வழக்குக் கேட்ட ஒருவர். பரீட்சையில் நான் எழுதிய அந்தப் பெயர்தான் அவர்.

முதலில் அந்தச் சட்டத்தைச் சொல்ல வேண்டும். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டம் என்பது அதன் பெயர். முன்னறிவித்தல் கொடுக்காமல் வேலையை விட்டுப் போனாலோ, வேலையில் அசட்டையாக இருந்தாலோ, துரையின் சொல்லுக்கு அடங்காமல் எதிர்த்துப் பேசினாலோ அது குற்றம். தண்டனை, கடூழியத்தோடு மூன்று மாதம் வரை சிறை. சம்பளமும் போகலாம். ஒப்பந்தத்தை மீறினால் நட்டஈடு கேட்டுச் சிவில் வழக்குப் போடுவதுதான் உலக வழக்கம். இங்கே வேலை ஒப்பந்தத்தை மீறியவன் திருடனைப் போலக் கூண்டில் நிறுத்தப்பட்டான். பெண்களுக்கும் இதில் விலக்கு இருக்கவில்லை.

சட்டத்துக்கு மேலே கடன். தென்னிந்தியாவில் ஆள் சேர்க்கும் கங்காணி கொடுத்த முன்பணம், வழிச்செலவு, வந்தபின் அரிசிக்கும் கம்பளிக்கும் பிடிக்கும் கணக்கு எல்லாம் சேர்ந்து, ஒரு தொழிலாளி முதல் நாள் பெரட்டுக்கு வரும்போதே கடனாளி. ஒரு கங்காணி தன் ஆட்களோடு வேறு தோட்டத்துக்கு மாற நினைத்தால் பழைய துரை ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார். இத்தனை பேர், இவர்கள் மேல் இத்தனை ரூபாய் கடன், அதைக் கட்டினால் விடுவிக்கிறேன் என்பது அதன் சாரம். புதிய தோட்டம் அந்தப் பணத்தைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கட்டிய பணம் மறுபடியும் அந்த ஆட்களின் தலையிலேயே ஏறும். ஒவ்வொரு மாற்றத்திலும் கங்காணி தனக்கும் கொஞ்சம் சேர்த்துக்கொள்வார். பத்து வருடம் உழைத்தவனின் கடன் வந்த நாளில் இருந்ததைவிடக் கூடியிருந்தது என்றால் காரணம் இதுதான். இதற்குத் துண்டு முறை என்று பெயர். ஆங்கிலத்தில் எழுதிய துரைமாரும் அதிகாரிகளும்கூட அந்தத் தமிழ்ச் சொல்லையே பயன்படுத்தினார்கள்.

சப்ரகமுவ இந்தக் கதைக்குள் சற்றுப் பிந்தித்தான் பெரிதாக வந்தது. இரத்தினபுரியையும் கேகாலையையும் சேர்த்து 1889இல் தனி மாகாணமாக்கினார்கள். கோப்பி அழிந்து தேயிலை வந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பரும் பரவியபோது, யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகல பக்கத்து மலைச்சரிவுகளும் களனிப் பள்ளத்தாக்கின் தாழ்ந்த குன்றுகளும் தோட்டங்களாயின. சிறிய ரயில் பாதை அவிசாவளைக்கும், பிறகு இரத்தினபுரிக்கும் வந்தது. நுவரெலியாவைப் போல மலை முழுவதும் தமிழர் வாழும் இடமாக இது ஒருபோதும் இருந்ததில்லை. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே தீவு தீவாகத் தோட்டங்கள். ஓடிப்போக நினைத்தவனுக்கு ஒளிந்துகொள்ள உறவினர் வீடு கிடையாது. கிராமத்தைத் தாண்டினால் ரோட்டு, ரோட்டில் பொலிஸ்.

இப்போது கொழும்புக்குப் போவோம். இந்த உலகத்துக்கு வெகு தூரத்தில் இருந்த ஒரு வீடு அது.

பொன்னம்பலம் அருணாசலம் 1853 செப்டெம்பர் 14ஆம் திகதி கொழும்பில் பிறந்தார். தகப்பன் கேற் முதலியார் பொன்னம்பலம். கொழும்பு கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கட்டியவர். தாய் செல்லாச்சி. தாய்வழிப் பாட்டன் குமாரசுவாமி முதலியார், ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்க காலத்தில் அரசாங்க மொழிபெயர்ப்பாளராக உயர்ந்து, சட்டநிரூபண சபையின் முதலாவது தமிழ் உறுப்பினரானவர். தாய்மாமன் சேர் முத்து குமாரசுவாமி. சட்டத்தரணி, சட்டநிரூபண சபை உறுப்பினர், லண்டன் பிரபுக்களின் விருந்துகளில் தலைப்பாகையோடு கலந்துகொண்டவர். கிறிஸ்தவராக மாறாமலே இங்கிலாந்தில் பாரிஸ்டராகத் தகுதி பெற்றவர். அந்தக் காலத்தில் அது சாதாரணமான காரியமில்லை.

மூன்று சகோதரர்களில் அருணாசலம் கடைசி. மூத்தவர் குமாரசுவாமியும் அடுத்தவர் இராமநாதனும் அரசியலுக்குப் போனார்கள். இராமநாதனைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, பாதித் தமிழரின் வீட்டுச் சுவரில் அவர் படம் தொங்கிய காலம் ஒன்று இருந்தது. மாமன் முத்து குமாரசுவாமி எலிசபெத் கிளே பீபி என்ற ஆங்கிலப் பெண்ணை மணந்தார். அவர்களுடைய ஒரே மகன்தான் 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்றாசிரியராக, பொஸ்டன் அருங்காட்சியகத்தின் அறிஞராக உலகம் அவரை அறியும். அதற்கு முன்னர் அவர் ஒரு புவியியலாளர் என்பது பலருக்கு மறந்துபோயிற்று. இலங்கையின் கனிப்பொருள் அளவைத் திணைக்களத்துக்குத் தலைமை தாங்கி, மாணிக்கக் கற்கள் விளையும் நம் இரத்தினபுரி மாவட்டத்து ஆறுகளையும் மலைகளையும் நடந்து அளந்தவர். பலாங்கொடைப் பக்கத்து மணலில் கிடைத்த தோரியனைற் என்ற கனிமம் 1904இல் விஞ்ஞான உலகுக்குத் தெரிய வந்த கதையில் அவருக்கும் இடமுண்டு. அருணாசலம் குடும்பத்தில் சப்ரகமுவ மண்ணைக் கையால் தொட்டவர் என்றால் இந்த மைத்துனர்தான்.

அருணாசலம் கொழும்பு அக்கடமியில், அதாவது இன்றைய றோயல் கல்லூரியில் படித்து, புலமைப்பரிசில் பெற்று 1871இல் கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட்ஸ் கல்லூரிக்குப் போனார். 1875இல் லண்டனில் நடந்த திறந்த போட்டிப் பரீட்சையில் தேறி இலங்கைச் சிவில் சேவைக்குள் நுழைந்தார். அந்த வழியால் நுழைந்த முதலாவது இலங்கையர் அவர். வெள்ளைக்காரப் பிள்ளைகளோடு ஒரே மண்டபத்தில் ஒரே வினாத்தாளுக்கு எழுதித் தேறியவர் என்பதால் அவரைக் கீழே வைக்க முடியவில்லை. ஆனால் மேலே போக விடாமலும் பார்த்துக்கொண்டார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

கேம்பிரிட்ஜில் கிடைத்த இன்னொரு பெரிய செல்வம் எட்வர்ட் கார்ப்பென்டரின் நட்பு. கார்ப்பென்டர் பின்னாளில் இங்கிலாந்தின் பெயர்பெற்ற சோசலிச எழுத்தாளரானார். பிரபுக்களின் வாழ்க்கையை உதறிவிட்டுக் கிராமத்தில் காய்கறி பயிரிட்டு, செருப்புத் தைத்து வாழ்ந்தவர். அவருக்கு பகவத் கீதையை அறிமுகப்படுத்தியவர் அருணாசலம். கொடுக்கல் வாங்கல் ஒருவழியாக இருந்திருக்காது என்று நான் நினைக்கிறேன். சைவத் தத்துவத்தைக் கடிதம் கடிதமாக எழுதி அனுப்பிய நண்பனுக்கு, கூலி உழைப்பைப் பற்றியும் வர்க்கத்தைப் பற்றியும் மறுபக்கத்திலிருந்து எவ்வளவோ வந்திருக்கும். அருணாசலம் ஞானம் பற்றி எழுதிய கடிதங்களை அவர் இறந்தபின் 1927இல் கார்ப்பென்டரே நூலாக்கினார்.

நாடு திரும்பிய அருணாசலத்தின் தொடக்க கால உத்தியோகங்கள் பெரும்பாலும் நீதித்துறையில். பொலிஸ் நீதவானாகவும் மாவட்ட நீதிபதியாகவும் ஊர் ஊராக மாற்றப்பட்டார். சிவில் சேவைக்காரரே நீதிபதியாகவும் இருக்கும் காலம் அது. பொலிஸ் நீதிமன்றம் என்றால் மாட்டுத் திருட்டு, அடிபிடி, கள்ளச் சாராயம். தோட்டம் உள்ள பகுதி என்றால் ஓடிப்போன கூலி வழக்கும் உண்டு. இத்தகைய வழக்குகளில் நீதவானுக்குத் தீர்மானிக்க அதிகம் இருக்காது. ஒப்பந்தம் இருந்ததா, முன்னறிவித்தல் கொடுத்தானா, வேலையை விட்டானா என்ற மூன்று கேள்விதான். அடி தாங்காமல் போனானா, மூன்று மாதச் சம்பளம் பாக்கி இருந்ததா என்று விசாரிக்கப் பொறுமை உள்ள நீதவான் வேண்டும், எதிரியின் மொழி தெரிந்த நீதவான் வேண்டும். பெரும்பாலான நீதிமன்றங்களில் இரண்டும் இருக்கவில்லை. தமிழ் தெரிந்த ஒரு நீதிபதி அந்த வயதில் சட்டத்தின் உள்வேலையை எவ்வளவு கிட்டப் பார்த்திருப்பார் என்பதை நினைத்தால், அறுபத்தைந்து வயதில் அவர் எடுத்த முடிவு எனக்கு ஆச்சரியமாக இல்லை. சட்டப் புலமையிலும் அவர் சாதாரணமானவர் இல்லை. இலங்கையின் சிவில் சட்டத்தைத் தொகுத்து 1910இல் ஒரு நூல் வெளியிட்டார்.

1890இல் கார்ப்பென்டர் இலங்கைக்கு வந்தபோது அருணாசலம் குருநாகலில் இருந்தார். இராமசாமி என்ற தமிழ் ஞானி ஒருவரிடம் நண்பரை அழைத்துப் போனார். வாரக்கணக்கில் அந்த ஞானியிடம் பாடம் கேட்ட ஆங்கிலேயர், சிவனொளிபாதமலையும் ஏறினார். பிறகு எழுதிய பயண நூலின் தலைப்பிலேயே அந்த மலையை வைத்தார். இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பருவ காலத்தில் இரவு பார்த்தால் உச்சி வரை வெளிச்சம் வரிசையாகத் தெரியும் அதே மலைதான்.

அதற்கிடையில் 1887இல் ஆளுநர் சேர் ஆதர் கோர்டன், மூத்த அதிகாரிகள் பலரைத் தாண்டி அருணாசலத்தைப் பதில் பதிவாளர் நாயகமாக நியமித்திருந்தார். சிவில் சேவைக்குள் பெரிய முணுமுணுப்பு. அந்தத் திணைக்களத்தில் அவர் செய்த வேலை, காணி உறுதி வைத்திருக்கும் எவருக்கும் இன்றைக்கும் பயன்படுவது. குவிந்து கிடந்த காணிப் பதிவுகளுக்குச் சுட்டி அமைத்து, ஒரு காணியின் பூர்வோத்தரத்தைத் தேடிப் பிடிக்கக்கூடிய முறையைக் கொண்டுவந்தார். எனக்குப் பிடித்தது அவர் செய்த இன்னொரு சின்னக் காரியம். வட்டிக்காரரிடம் மாட்டித் தவித்த எழுதுவினைஞர்களுக்காகத் திணைக்களத்துக்குள் ஓர் உதவி நிதியைத் தொடங்கினார். கடன் ஒரு மனிதனை என்ன செய்யும் என்பது அவருடைய கண்ணில் பட்டிருக்கிறது. துண்டு முறைக்கு எதிராக அவர் எழும்புவதற்கு வெகு காலம் முன்னரே.

1901 குடிசன மதிப்பீட்டை நடத்தியவரும் அவரே. இலங்கையின் மொத்தச் சனத்தொகை 3,565,954 என்று கணக்கிட்டார். அதில் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர் தோட்டங்களில் வாழ்ந்தவர்கள். அவர் எழுதிய அறிக்கை வெறும் அட்டவணைத் தொகுப்பாக இல்லாமல் இந்தத் தீவின் மக்கள், மொழிகள், மதங்கள் பற்றிய ஒரு வரலாற்று நூல் போல அமைந்தது. ஒரு விவரம் மட்டும் எனக்கு முக்கியம். அருணாசலத்தின் மதிப்பீட்டில் தமிழர் என்று ஒரே கட்டம்தான். யாழ்ப்பாணத்தவரும் மட்டக்களப்பாரும் யட்டியாந்தோட்டைத் தோட்டத்துக்காரரும் ஒரே கூட்டுத்தொகைக்குள் வருகிறார்கள். பத்து வருடம் கழித்து 1911இல் வேறு அதிகாரி நடத்திய மதிப்பீட்டில்தான் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று கட்டம் இரண்டானது. அந்தப் பிரிப்புக்கு நிர்வாகக் காரணம் இருந்திருக்கலாம். முப்பத்தேழு வருடம் கழித்து ஒரு கட்டத்துக்குள் இருந்தவர்களை மட்டும் நாடற்றவர்களாக்க அது எவ்வளவு வசதியாக இருந்தது என்பதும் உண்மை.

வீட்டில் மனைவி சுவர்ணம், பிள்ளைகள், கொழும்பு ஹோர்ட்டன் பிளேசில் பொன்கிளார் என்ற பெரிய வீடு. காலையில் திருவாசகமும் தாயுமானவரும், பகலில் கச்சேரிக் கோப்புகள். தமிழ்ப் பக்திப் பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். பொலன்னறுவையில் கிடைத்த சிவ வெண்கலச் சிலைகளைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். றோயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளைக்குத் தலைவரான முதலாவது இலங்கையரும் அவரே. 1906இலிருந்து இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று இயக்கம் நடத்தினார். எல்லாம் இருந்தும் சிவில் சேவையில் அவருக்கு ஒரு கதவு திறக்கவேயில்லை. மாகாணமொன்றின் அரசாங்க அதிபர் பதவி வெள்ளையருக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. அவரைவிடக் குறைந்த புள்ளி பெற்ற ஆங்கிலேயர் இரத்தினபுரிக்கும் கண்டிக்கும் அதிபராகப் போனபோது அவர் கொழும்பில் பதிவேடு பார்த்துக்கொண்டிருந்தார். சட்டநிரூபண சபையில் உத்தியோக உறுப்பினராக இருந்து, 1913இல் ஓய்வுபெற்றார். அந்தக் காலத்தை ஒட்டியே சேர் பட்டமும் கிடைத்தது.

அறுபது வயது, பட்டம், ஓய்வூதியம், தேவாரம். பெரும்பாலானோர் அங்கே நின்றுவிடுவார்கள். இவர் அங்கேதான் தொடங்கினார்.

1915 ஜனவரியில் இலங்கைச் சமூக சேவைச் சங்கத்தை நிறுவினார். கொழும்புச் சேரிகளில் இரவுப் பாடசாலை, மருத்துவ உதவி. 1917இல் இலங்கைச் சீர்திருத்தச் சங்கம். 1919 டிசம்பர் 11இல் இலங்கைத் தேசிய காங்கிரஸ், அதன் முதல் தலைவர். மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனம் என்று சிங்களத் தலைவர்கள் 1918இல் எழுத்தில் கொடுத்த வாக்குறுதி நிறைவேறாதபோது 1921இல் வெளியேறினார். 1923இல் இலங்கைத் தமிழர் மகாசபை அமைத்தார். இந்த அத்தியாயத்தை ஆயிரம் தடவை எழுதிவிட்டார்கள். யார் யாரை ஏமாற்றினார்கள் என்பதை வைத்துக்கொண்டு இன்றைக்கும் கட்டுரைகள் வருகின்றன. நான் அதில் நிற்கவில்லை.

நான் நிற்க விரும்பும் இடம் காங்கிரஸ் தொடங்குவதற்கு ஆறு மாதம் முந்தியது. 1919 ஜூன் மாதம், இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கம் என்று ஒன்றை அருணாசலம் அமைத்தார். அவரோடு நின்றவர் பெரி சுந்தரம். தோட்டத்தில் பிறந்து, கேம்பிரிட்ஜ் வரை போய்ப் படித்து, சட்டத்தரணியாகத் திரும்பிய இளைஞர். இருவருக்கும் வயது வித்தியாசம் முப்பத்தைந்துக்கு மேல். ஒருவர் முதலியார் பரம்பரை, மற்றவர் தோட்டத்துப் பிள்ளை. அந்தக் காலத்துக் கொழும்புத் தமிழர் சமூகத்தில் இவ்விருவரும் ஒரே மேசையில் இருந்து மனு எழுதியதே ஒரு செய்தி. சங்கத்தின் முதன்மை நோக்கம் இரண்டு: தோட்டத் தொழிலாளரைச் சிறைக்கு அனுப்பும் சட்டப் பிரிவுகளை நீக்குவது, துண்டு முறையை ஒழிப்பது.

காலமும் கைகொடுத்தது. இந்திய அரசாங்கம் அனுப்பிய மார்ஜோரிபாங்ஸ், மரைக்காயர் என்ற இருவர் இலங்கையிலும் மலாயாவிலும் இந்தியத் தொழிலாளர் நிலையைப் பார்த்து 1917இல் அறிக்கை கொடுத்திருந்தார்கள். பிஜி போன்ற இடங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவதற்கு எதிராக இந்தியாவில் பெரும் கிளர்ச்சி நடந்து முடிந்திருந்தது. இலங்கை தன் சட்டத்தைத் திருத்தாவிட்டால் ஆள் வருவதே நின்றுபோகலாம் என்ற பயம் தோட்டச் சொந்தக்காரர்களுக்கே வந்தது. ஆகவே அருணாசலம் ஒருவரே எல்லாவற்றையும் சாதித்தார் என்று எழுதினால் அது பொய். ஆனால் இலங்கைக்குள்ளிருந்து, கொழும்பின் மிக உயர்ந்த மட்டத்திலிருந்து, முன்னாள் நீதிபதி ஒருவரே இந்தச் சட்டம் வெட்கக்கேடு என்று மனுவுக்கு மேல் மனுவாக எழுதினார். அதைத் தோட்டக்காரர் சங்கத்தால் வெளியூர்க் கிளர்ச்சிக்காரனின் சத்தம் என்று தள்ளிவிட முடியவில்லை. ஆளுநருக்கு மனு, லண்டனுக்கு மனு. சிவில் சேவையில் ஏறக்குறைய நாற்பது வருடம் இருந்தவருக்கு எந்த மேசையில் எந்தக் கோப்பு தூங்கும் என்பது தெரியும்.

1921, 1922 ஆண்டுகளில் இரண்டும் நடந்தன. துண்டு முறை 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தால் ஒழிந்தது. தோட்டத் தொழிலாளரைச் சிறையில் போடும் பிரிவுகளும் நீங்கின. கேகாலையிலும் இரத்தினபுரியிலும் உள்ள நீதிமன்றக் கூண்டுகளில் ஓடிப்போன கூலி என்ற எதிரி இல்லாமல் போனான்.

சரி, லயத்தில் என்ன மாறியது? சம்பளம் உடனே மாறவில்லை. ஆணுக்கு ஒரு நாளுக்கு 33 சதம் என்ற அளவில் வெகு காலம் கிடந்த சம்பளத்துக்கு 1927இல்தான் சட்டப்படி ஓர் அடித்தளம் வந்தது. நம் பக்கத்தில் உள்ளவை போன்ற தாழ்நிலத் தோட்டங்களில் ஆணுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40, பிள்ளைக்கு 30. பிள்ளைக்கும் ஒரு சம்பளம் எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் கவனிக்கலாம். கங்காணியின் அதிகாரம் தொடர்ந்தது. லயக் காம்பிரா அதே பத்தடிக்குப் பத்தடிதான். ஆனாலும் வேலை பிடிக்காவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த தோட்டத்துக்கு நடக்கலாம், பின்னால் பொலிஸ் வராது என்பது சின்ன விஷயமில்லை. பிந்திய தொழிற்சங்கங்கள் எல்லாம் இந்த ஒரு கட்டு அறுந்த பிறகுதான் மலைக்கு ஏற முடிந்தது. வேலைநிறுத்தமே குற்றமாக இருக்கும் இடத்தில் யார் சங்கம் கட்டுவது?

மலையகத்தவர் சிலர் அருணாசலத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு சந்தேகத்தோடு பேசுவார்கள். மேட்டுக்குடி ஆள், எங்களுக்காக மனு எழுதினார், எங்களோடு லயத்தில் உட்கார்ந்தாரா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அவர் தலைமை தாங்கிய காங்கிரஸ் படித்தவர்களினதும் சொத்துள்ளவர்களினதும் சபை. தோட்டத் தொழிலாளிக்கு வாக்கு கிடைத்தது டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 1931இல், அதையும் அதே காங்கிரசின் தலைவர்கள் பலர் எதிர்த்தார்கள். அண்ணன் இராமநாதனும் எல்லோருக்கும் வாக்கு என்பதை ஏற்கவில்லை. அருணாசலம் உயிரோடு இருந்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்று ஊகிப்பதில் பயனில்லை. நான் பார்ப்பது இவ்வளவுதான்: வாக்கு இல்லாத, பணம் இல்லாத, தன் ஊரும் இல்லாத, தன் சாதிக்கும் எட்டாத ஒரு கூட்டத்துக்காக அவர் கடைசி ஐந்து வருடத்தைச் செலவிட்டார். அதனால் அவருக்கு ஓர் ஆசனமும் வராது என்று அவருக்குத் தெரியும்.

1924 ஜனவரி 9ஆம் திகதி, தென்னிந்திய யாத்திரையில் இருந்தபோது மதுரையில் காலமானார். வயது எழுபது. தோட்டத்து ஆட்கள் மண்டபம் முகாமைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்த காலத்தில், அவர் அந்தப் பக்கம் போய்க் கண்ணை மூடினார். 1930இல் கொழும்பில் சட்டநிரூபண சபைக் கட்டட வளவில் அவருக்குச் சிலை வைத்தார்கள். காலிமுகத்திடல் பக்கம் போகிறவர்கள் இன்றும் பார்க்கலாம்.

பிள்ளைகளில் அரசியலில் உயர்ந்தவர் மகாதேவா. 1942இல் அரசாங்க சபையின் உள்நாட்டு அலுவல்கள் அமைச்சரானார். அமைச்சர் சபையில் இருந்த ஒரே தமிழர். அவர் அமைச்சராக இருந்த காலத்திலேயே கேகாலை மாவட்டத்தில் நேவ்ஸ்மியர் தோட்டப் பிரச்சினை வந்தது. நம் ஆட்கள் உருளவள்ளிப் போராட்டம் என்று சொல்வது அதைத்தான். கிராம விஸ்தரிப்புக்காக அரசாங்கம் தோட்டத்தைச் சுவீகரித்தது. தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களை வெளியேறச் சொன்னது. போகாதவர்கள் மேல் அத்துமீறல் வழக்கு. மறுபடியும் கேகாலை நீதிமன்றக் கூண்டில் தோட்டத் தொழிலாளர். தகப்பன் காலத்தில் தோட்டத்தை விட்டுப் போனது குற்றம். மகன் காலத்தில் தோட்டத்தை விட்டுப் போகாதது குற்றம். இலங்கை இந்தியக் காங்கிரஸ் 1946 ஜூனில் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடத்தியது. காணி டி. எஸ். சேனநாயக்கவின் பொறுப்பு, மகாதேவாவின் அமைச்சுக்கு உட்பட்டதில்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் அவர் அதே சபையில் அமர்ந்திருந்தார்.

1947 தேர்தலில் யாழ்ப்பாணத்தில் ஜி. ஜி. பொன்னம்பலத்திடம் மகாதேவா தோற்றார். அடுத்த வருடம் குடியுரிமைச் சட்டம் வந்தது, மலையகத்தார் நாடற்றவர்களானார்கள். மகாதேவா 1969இல் இறந்தார். பொன்னம்பலம் முதலியாரின் பேரன்மாரில் உலகப் புகழ் பெற வேண்டிய வாய்ப்பு எல்லோருக்கும் இருந்தது. அது கடைசியில் மைத்துனர் வழியில், 1947இல் மாசச்சூசெற்ஸ் நீடமில் இறந்த ஆனந்த குமாரசுவாமிக்கே போனது.

அருணாசலம் கேட்ட பல்கலைக்கழகம் 1942இல் வந்தது. பின்னர் பேராதனைக்கு மாறியது. அங்கே மாணவர் விடுதி ஒன்றுக்கு அருணாசலம் மண்டபம் என்று பெயர். காங்கிரஸ் பிளவின்போது எதிர்ப்பக்கம் நின்ற ஜேம்ஸ் பீரிசின் பெயரிலும் அதே வளாகத்தில் விடுதி இருக்கிறது. எங்கள் தோட்டத்திலிருந்து பேராதனைக்குப் போன பையன் ஒருவன் அருணாசலம் மண்டபத்தில் இருந்தான். இந்தக் கட்டுரைக்காகத் தேடிக்கொண்டிருந்த நாட்களில் அவனிடம் தொலைபேசியில் கேட்டேன், அருணாசலம் யார் தெரியுமா என்று. கட்டடத்துக்குக் காசு கொடுத்த யாழ்ப்பாணத்துப் பணக்காரர் யாரோ என்றுதான் நினைத்திருந்தானாம். வாரண்டு என்றால் தெரியுமா என்று கேட்டேன். அது தெரியும், அவனுடைய பாட்டியும் சொல்வாளாம்.